காத்திருப்பில் ஐம்பத்தேழு

ஜனவரி 5, ஞாயிறு

முடிவு எடுத்தாயிற்று. ஈஸ்டருக்குள் ‘அடுக்கு’ பொறுப்பிலிருந்து விலகிவிடுவேன். எழுதி வைத்தால்தான் பின்வாங்க மாட்டீர்கள் என்று என் மனைவி ஜெசிந்தா சொன்னாள். கப்பல் கம்பெனி கொடுத்த புதுவருட டைரி சும்மாதான் கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், “அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அப்படி என்னதான் செய்யுதீங்க?” என்று. ஒரு நாளும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். அடுக்கு என்பது சின்ன நூலகங்களுக்கான மென்பொருள். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்ப வரும் என்று பார்த்துக்கொள்ளும். எங்கள் பங்குக் கோயில் நூலகத்தின் பேரேடு ஒரு மழையில் ஊறிக் களியாகிப் போனபோது நான் எழுதியது. இலவசம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், நகலெடுத்துத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்று முந்நூற்று நாற்பது நூலகங்களில் ஓடுகிறது.

திருத்தம் எழுதி அனுப்புகிறவர்கள் பல ஊரில் இருக்கிறார்கள். யார் எதை அனுப்பினாலும் நான் படித்து, சரி என்று தோன்றி, ‘சேர்’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் அது உள்ளே போகும். அந்தப் பொத்தான் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இப்போது வரிசையில் காத்திருப்பவை ஐம்பத்தேழு. நேரம் கிடைக்கும்போது பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு மீன் பெயர் வைப்பது என் வழக்கம். சாளை, நெத்திலி, வாளை, பாறை என்று வந்து, கடைசியாகப் போன ஜூலையில் சீலா. ஒருமுறை கணவாய் என்று வைத்து, அது மீனே இல்லை என்று ஒரு வாரம் சண்டை நடந்தது.

விலகுவதற்குக் காரணம் அலுவலகத்தில் வேலை கூடிவிட்டது. வேறொன்றுமில்லை.

ஜனவரி 9, வியாழன்

ஐந்து மணிக்கு மடிக்கணினியைத் திறந்தேன். ஆறரைக்கு மூடினேன். அடுத்த பதிப்புக்கு விளமீன் என்று வைக்கலாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் விடுமுறை. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு நூலகர் வாழ்த்து அனுப்பியிருந்தார். “உங்களால்தான் எங்கள் நூலகம் நிமிர்ந்து நிற்கிறது, நீங்கள் நூறு ஆண்டு இந்தப் பணியைத் தொடர வேண்டும்” என்று. படித்ததும் எரிச்சல் வந்தது. நல்ல மனிதர், நல்ல வார்த்தை. எரிச்சல் வர ஒரு காரணமும் இல்லை. பதில் போடவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கோகிலவாணிக்குப் போன் செய்தேன். கோபியில் ஒரு பள்ளிக்கூட நூலகர். நிரல் எழுதத் தானாகவே கற்றுக்கொண்ட பெண். ஆறு வருடமாக அடுக்குக்குத் திருத்தம் அனுப்புகிறாள். நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் தங்கச்சி மாதிரி. பொறுப்பை அவளிடம் கொடுப்பதாகத்தான் திட்டம்.

“நானு விலகப் போறேம்மா. நீ பாத்துக்கிடுதியா?” என்றேன்.

சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அண்ணா, எடுத்துக்கறதுல எனக்கொன்னும் இல்லைங்ணா. ஆனா அதுக்கு முன்னால ஒன்னு பேசோணுங்ணா. துஷியண்ணனும் நானும்…”

அந்தப் பெயரைக் கேட்டதும், அலுவலகத்திலிருந்து அழைப்பு வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் அலுவலகத்திலிருந்து யாரும் அழைப்பதில்லை.

துஷ்யந்தன் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். வவுனியாக்காரர், ஒன்பது வருடமாகத் தெரிந்தவர். ஒரு பழைய வேனில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இரவல் கொடுக்கிறவர். கெட்டிக்காரர். மூன்று வருடத்துக்கு முன்னால், கணினியே இல்லாமல் கைப்பேசியிலேயே அடுக்கை ஓட்டுகிற மாதிரி ஒரு பெரிய திருத்தம் எழுதி அனுப்பினார். நூலகம் என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கணினி வேண்டாமா? வேண்டாம் என்று அவர் விளக்கி விளக்கி எழுதினார். எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் நான் ஒரே வரியில் பதில் போட்டேன்: “இது விளையாட்டுத் திடல் அல்ல, வேறு இடம் பாருங்கள்.” அதன்பிறகு அவர் வாய் திறக்கவில்லை. போய்விட்டார்.

நான் சொன்னதில் தவறு இருப்பதாக அன்று தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை என்றே நினைக்கிறேன்.

பிப்ரவரி 1, சனி

கோவில்பட்டி போய் வந்தேன். நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

அங்கே தீப்பெட்டித் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்துகிற படிப்பகம் ஒன்று இருக்கிறது. எங்கள் நூலகத்துக்கு அடுத்து அடுக்கை எடுத்துக்கொண்ட முதல் இடம் அதுதான். விலகுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். படிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற பேச்சிமுத்து வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க சார், வாங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா பஸ்டாண்டுக்கே வந்திருப்பேன்ல?”

பன்னிரண்டு பேர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கவே நிறைவாக இருந்தது. காராச்சேவும் டீயும் வந்தன. பேச்சிமுத்து கணினியைத் திருப்பிக் காட்டினார்.

“புதுசு பிரமாதம் சார். முன்ன ஒருத்தர் பேரத் தேடுனா ஒரு டீ குடிச்சிட்டு வந்துரலாம். இப்ப தட்டுன ஒடனே வந்து நிக்கி.”

திரையின் மேலே பெரிய எழுத்தில் ‘அடுக்கு – ஊளி’ என்று இருந்தது.

ஊளியும் ஒரு மீன்தான், ஆனால் அந்தப் பெயரில் ஒரு பதிப்பை நான் வெளியிடவே இல்லை.

அதற்குக் கீழே சிறிய எழுத்தில், ‘உருவாக்கியவர்: கஸ்பார் பர்னாந்து, தூத்துக்குடி’ என்று என் பெயர். எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

“கோபிப் பொண்ணுதான் சார் போட்டுக் குடுத்தது. ஆறு மாசம் இருக்கும். இருநூறு எடத்துல இதுதான் ஓடுதுன்னு சொல்லிச்சி. ஏன் சார், நீங்கதான அனுப்பச் சொன்னீக?”

ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது? சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று எவ்வளவோ சொன்னார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பூசையில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

கோகிலவாணியும் அந்தத் துஷ்யந்தனும் சேர்ந்து அடுக்கை நகலெடுத்துத் தனியாக நடத்துகிறார்கள். ஆறு மாதமாக. என் முதுகுக்குப் பின்னால். கட்டற்ற மென்பொருளில் நகலெடுக்க யாருக்கும் உரிமை உண்டு, அந்த உரிமையை எழுதிக் கொடுத்தவனே நான்தான், அதெல்லாம் தெரியும். அதற்காக என் பெயரையும் மேலே ஒட்டி, என் மீன் வழக்கத்தையும் எடுத்துக்கொண்டா? நானே போகிறேன் என்று போன் செய்தபோது அந்தப் பெண் மூச்சு விடவில்லையே.

சரி, விடப்போவதில்லை. அறிவிப்புப் பக்கமும் இணைய முகவரியும் இன்னும் என் கையில்தான். நான் அங்கே ஒன்று எழுதினால் முந்நூற்று நாற்பது நூலகங்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். ‘ஊளி போலி, உடனே நீக்குங்கள், அதை நடத்துகிறவர்களை நம்பாதீர்கள்.’ எழுதத் தொடங்கிவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

மூன்று பக்கம் வந்துவிட்டது. பத்து வருடத்தில் இவ்வளவு வேகமாக நான் எதையும் எழுதியதில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் கடிதத்தை ஜெசிந்தாவிடம் படித்துக் காட்டினேன். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. காறித் துப்புன மாதிரி இருக்கு” என்றாள்.

“அனுப்பிரட்டா?”

“அனுப்புங்க. அனுப்புனா என்ன ஆவும்?”

“எல்லாரும் அந்த நகலத் தூக்கிப் போட்ருவாங்க. அவங்க ரெண்டு பேரும் வேலையப் பாத்துட்டுப் போயிருவாங்க.”

“அப்ப அடுக்க யாரு பாத்துக்கிடுவா?”

நான் கடிதத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினேன்.

“நீங்கதான? காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, ஒன்னரை மணி நேரம் அந்தப் பெட்டியவே பாத்துக்கிட்டு இருந்துட்டு, ஒன்னுஞ் செய்யாம மூடி வைப்பீங்களே, அத இன்னும் பத்து வருசம் செய்வீங்க. அதான?”

இவள் கவனித்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. அடுக்களையில் இருக்கிறாள், காப்பி வைக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

“அந்தப் புள்ள அன்னைக்கு ஏதோ சொல்ல வந்துச்சுல்ல. முதல்ல ஒரு போனப் போட்டு என்னன்னு கேளுங்க. துப்புறது எங்கயும் ஓடிப் போவாது, நாளைக்கும் துப்பலாம்.”

பிப்ரவரி 5, புதன்

கேட்டேன். ‘ஏமாத்திட்டியேம்மா’ என்று தொடங்க நினைத்திருந்தேன். “கோவில்பட்டிக்குப் போயிருந்தேன், ஊளியப் பாத்தேன்” என்றுதான் வாயில் வந்தது.

கோகிலவாணி கொஞ்சமும் பதறவில்லை. அதுவே எனக்கு ஏதோ மாதிரி இருந்தது.

“பாத்துட்டீங்களாண்ணா? நல்லா ஓடுதுங்களா?”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா?”

“சொன்னோமுங்ணா.”

“எப்பச் சொன்ன?”

மெதுவாகக் கேட்டாள். “அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. காத்திருக்கிறது ஐம்பத்தேழு இருக்குதுங்களே. அதுல பதினொன்னாவதைத் தொறந்து பாத்தீங்களா?”

பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

“பாத்துட்டுக் கூப்புடுங்ணா. கோவமா இருந்தாலும் பரவால்ல, கூப்புடுங்.”

பிப்ரவரி 6, வியாழன்

பார்த்தேன். அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

பதினொன்றாவது, போன வருடம் மே பதினேழாம் தேதி வந்தது. திருத்தம் அல்ல, கடிதம். நான் வேறு எதையும் திறப்பதில்லை என்று அஞ்சி, திருத்தங்களின் வரிசையிலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இருவரும் கையெழுத்திட்டது. அப்படியே பார்த்து எழுதி வைக்கிறேன்:

“மதிப்பிற்குரிய அண்ணா, உங்களுக்கு வேலைப்பளு என்று தெரிகிறது. தேடல் மெதுவாக இருப்பதால் சில நூலகங்கள் பேரேட்டுக்கே திரும்பிப் போகின்றன. அதற்கான திருத்தம் எங்களிடம் இருக்கிறது. நீங்கள் ஓய்வாகும் வரைக்கும் ஒரு நகலை வைத்து அந்த நூலகங்களுக்கு மட்டும் கொடுக்கலாமா? வேண்டாம் என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் விட்டுவிடுகிறோம். எழுதும் ஒவ்வொன்றையும் முதலில் உங்களுக்கு அனுப்பி, ஒரு மாதம் காத்திருந்த பிறகே நகலில் சேர்ப்போம். உங்கள் பெயர் எப்போதும் முதலில் இருக்கும். நீங்கள் என்றைக்குக் கேட்டாலும் எல்லாவற்றையும் திருப்பி ஒப்படைக்கிறோம்.”

ஒரு மாதம் என்றார்கள். மூன்று மாதம் காத்திருந்துதான் ஊளியை வெளியிட்டிருக்கிறார்கள். அதற்கு நடுவில் நான் சீலா என்று ஒன்றை வெளியிட்டேன். அதில் இருந்ததெல்லாம் ஒரு பொத்தானின் நிறம் மாறியதுதான்.

பதினொன்றிலிருந்து ஐம்பத்தேழு வரை ஒவ்வொன்றாகத் திறந்தேன். இரண்டு மூன்றைத் தவிர எல்லாம் அவர்கள் இருவரும் அனுப்பியவை. ஒவ்வொன்றின் அடியிலும், ‘அண்ணா, பார்க்க முடிந்தால் பாருங்கள்’, ‘அண்ணை, அவசரமில்லை’ என்று ஒரு வரி. முதுகுக்குப் பின்னால் நடந்ததாக எழுதினேனே. எல்லாம் என் வாசலில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது. கதவைத் திறக்காதவன் நான்.

டைரியில்கூடப் பொய் எழுதினால் உருப்பட மாட்டேன். அலுவலக வேலை கூடவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு வருடமாகவே அலுத்துவிட்டது. யாராவது நன்றி சொன்னால் திருடியவனைப் பாராட்டுகிற மாதிரி இருந்தது, அதனால்தான் எரிச்சல் வந்தது. அலுத்துவிட்டது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பொத்தானை மட்டும் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பக்கக் கடிதத்தை அழித்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

கோகிலவாணியைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சுலபமாக வருகிற காரியம் இல்லை. “அட, விடுங்ணா” என்றாள், அவ்வளவுதான். பிறகு ஒரு மணி நேரம் வேலை பேசினோம். ஐம்பத்தேழையும் நானே படித்து, நானே சேர்த்துவிட்டு, அதன்பிறகு பொத்தானை ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

“உங்க கையால சேந்தாத்தானுங்ணா அது அடுக்கு. இல்லாட்டி காலத்துக்கும் நகல்தான்.”

வைத்த பிறகு நெடுநேரம் மனசு லேசாக இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகள் எனக்கு எப்படிக் கிடைத்தார்கள்? நான் ஒன்றும் செய்யவில்லை. தானாகவே வந்தார்கள்.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். தவக்காலத்துக்கு என்ன விடப்போகிறீர்கள் என்று ஜெசிந்தா கேட்டாள். கறி, மீன் என்றேன். “கோவத்தயும் சேத்துக்கிடுங்க, ஒரே செலவுல முடிஞ்சிரும்” என்றாள்.

இன்றோடு முப்பத்தொன்று சேர்த்தாயிற்று. ஐந்து மணிக்கு எழுந்திருக்க இப்போது கசப்பாக இல்லை. முடியப்போகிற வேலை என்பதாலோ என்னவோ.

மார்ச் 16, ஞாயிறு

இன்று ஐம்பத்தைந்தாவது. துஷ்யந்தனின் கைப்பேசித் திருத்தம். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் விரட்டிய அதே யோசனை. முழுவதும் புதிதாக எழுதி, எப்போதும்போல் முதலில் எனக்கே அனுப்பியிருக்கிறார். நான் அப்போது சொன்ன ஒரே ஒரு உருப்படியான குறை, மின்சாரமோ இணையமோ போனால் பதிந்தது அழிந்துவிடும் என்பது. அதற்குத் தனியாகப் பாதிப் பக்கம் எழுதி, ‘கஸ்பார் அண்ணை சுட்டிக்காட்டியது’ என்று குறிப்பு வைத்திருக்கிறார்.

நான்கு மணி நேரம் படித்தேன். என்னால் இப்படி எழுத முடியாது. பொறாமைப்படலாமா என்று பார்த்தேன், வரவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. சேர்த்துவிட்டேன்.

மார்ச் 22, சனி

ஐம்பத்தேழும் முடிந்தது. வரிசையில் ‘காத்திருப்பவை: 0’ என்று பார்த்ததும் ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பூஜ்யத்தக் காட்டவா கூப்ட்டீங்க” என்று போய்விட்டாள். ஆனாலும் மத்தியானம் பாயசம் வைத்தாள்.

சாயங்காலம் விடைபெறும் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘அனைவருக்கும் நன்றி’ என்று எழுதியதும் ஒரு சந்தேகம். பன்னிரண்டு வருடத்தில் நான் போட்ட பதில்கள் எல்லாம் சேமிப்பில் இருக்கின்றன, ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். அதில் ‘நன்றி’ என்று தேடச் சொன்னேன். ஒன்றுகூட இல்லை. ‘சேர்க்கப்பட்டது’ இருக்கிறது. ‘சரியில்லை’ இருக்கிறது. ‘மறுபடி பாருங்கள்’ நிறையவே இருக்கிறது. திருத்தம் அனுப்பியவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர்.

பொதுக் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டேன். ஈஸ்டருக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு பேர்.

மார்ச் 30, ஞாயிறு

‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அவர் என்ன செய்தார் என்று பழைய பதிவுகளில் தேடிப் பிடித்து அதைச் சொல்லித்தான் எழுதுகிறேன். சேலத்தில் ஒரு நர்ஸ், பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி எடுத்த புத்தகம் அடுக்கின் கணக்கில் திரும்பி வரவே வராது என்று கண்டுபிடித்தவர். ஈப்போவில் ஒரு தமிழாசிரியர், தன் பிள்ளைகளுக்கு இந்த எழுத்து சின்னதாக இருக்கிறது என்று மூன்று முறை எழுதியவர், நான் மூன்று முறையும் தட்டிக்கழித்தேன். சிவப்புப் பொத்தானும் பச்சைப் பொத்தானும் தன் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகின்றன என்று சொன்ன கரூர்க்காரர். அவருக்காக நிறத்தை மாற்றினேனா என்று பார்த்தேன், ஒரு வருடம் கழித்து மாற்றியிருக்கிறேன். அதுதான் சீலா. அதையும் அவரிடம் சொல்லவில்லை. இப்போது சொன்னேன்.

இத்தனை பேர் தங்கள் காலையையும் மாலையையும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். நான் தனியாகச் சுமந்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்பாசமுத்திரத்தில் ராமசுப்பு என்று ஒரு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். கிராமப் பெயர்கள் நாலாயிரத்தை ஒற்றை விரலால் தட்டி அனுப்பியவர். அவருக்கு எழுதியதற்கு மகள் பதில் போட்டிருக்கிறார். அப்பா போன ஆவணியில் காலமாகிவிட்டார், உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னார்கள் என்று.

ஜெசிந்தாவிடம் காட்டப் போனேன். என்னால் படிக்க முடியவில்லை. அவளே வாங்கிப் படித்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

நூற்றுப் பதினொன்று முடிந்தது. பாக்கி துஷ்யந்தன்.

நான்கு முறை எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: “துஷ்யந்தன், மூன்று வருடத்துக்கு முன்னால் எல்லோர் முன்னாலும் உங்களை அவமானப்படுத்தினேன். நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது தவறு. இதையும் எல்லோரும் பார்க்கிற பக்கத்திலேயே எழுதுகிறேன். அதன்பிறகும் நீங்கள் ஒவ்வொன்றையும் முதலில் எனக்கு அனுப்பிவைத்தீர்கள். நன்றி என்ற சொல் போதவில்லை, ஆனாலும் நன்றி. கஸ்பார்.”

ஏப்ரல் 19, சனி

காலை ஐந்தரைக்குக் கோகிலவாணி பெயரிலும் துஷ்யந்தன் பெயரிலும் பொத்தானைக் கொடுத்தேன். பிறகு பட்டியலில் என் பெயருக்கு எதிரே இருந்த ‘நீக்கு’ என்பதை அழுத்தினேன். உறுதியா என்று ஒரு முறை கேட்டது. அழுத்தினேன். அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

கோகிலவாணி போன் செய்து பேச முடியாமல் அழுதாள். நான்தான் தேற்ற வேண்டியிருந்தது.

துஷ்யந்தனிடமிருந்து பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. செய்ய ஒன்றுமில்லை. நானே காப்பி போட்டு ஜெசிந்தாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதையாவது உடைத்துவிட்டீர்களா என்று கேட்டாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பதில் இல்லை. இன்று காலை இருவரும் கடற்கரை வரை நடந்துவிட்டு வந்தோம்.

மே 3, சனி

மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. இலங்கை எண். எடுத்தேன்.

“கஸ்பார் அண்ணையோ? துஷ்யந்தன் கதைக்கிறன்.”

ஒன்பது வருடமாகத் தெரியும், குரலைக் கேட்பது இதுதான் முதல்முறை. நினைத்திருந்ததைவிட வயதான குரல்.

“உங்கட கடிதம் கண்டனான் அண்ணை. மூண்டு நாள் வைச்சு வைச்சு வாசிச்சன். பதில் எழுதத் தெரியேல்ல. எழுதினால் அழுகையாத்தான் வருது. அதான் கோல் எடுத்தனான். பிந்திப்போச்சு, குறை நினைக்காதேங்கோ.”

“நான்தாங்க மன்னிப்புக் கேக்கணும்” என்றேன்.

“அது கேட்டாச்சு அண்ணை. முடிஞ்சுது. அடுக்கு இல்லையெண்டால் நான் இந்த வேனை எப்பவோ வித்திருப்பன். நீங்கள் தந்ததில நிண்டுகொண்டுதான் உங்களோட வாதாடினனான். அதைச் சொல்லத்தான் எடுத்தன்.”

ஜெசிந்தா கதவருகில் வந்து நின்றாள். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தமும், ஒரு குழந்தை சிணுங்குவதும் கேட்டன. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். வேன் கிளம்பிப் போய் ஒரு கிராமத்தில் நிற்கிறதாம், முல்லைத்தீவுப் பக்கம். பனை மரத்தடியில் கதவைத் திறந்து வைத்திருக்கிறாராம். அவர் வேனைப் பற்றிச் சொன்னார், நான் கோவில்பட்டிப் படிப்பகத்தைப் பற்றிச் சொன்னேன். இன்னும் எத்தனையோ கேட்க இருந்தது. ஒன்பது வருடத்தில் அந்த மனிதரை ஒரு வார்த்தை விசாரித்தவன் இல்லையே நான். உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தொடங்கினேன்.

“அண்ணை, ஒரு நிமிசம்” என்றார். யாரிடமோ, “இந்தா முடிஞ்சுது அம்மா” என்று சொல்வது கேட்டது. பிறகு கூச்சத்தோடு இழுத்தார். “குறை நினைக்காதேங்கோ. ஆக்கள் புத்தகத்தோட வரிசையில நிக்கினம். என்னட்ட இந்த ஒரு போன்தான் இருக்கு, பழசு. அடுக்கும் இதிலதான் ஓடுது. கதைச்சுக்கொண்டிருந்தால் இதில பதியேலாது. நீங்கள் வைச்சால்தான் நான் குடுக்கலாம்.”

“எத்தன பேரு நிக்காங்க?”

“பதினேழு, பதினெட்டுப் பேர்.”

உடனே வைத்துவிட்டேன்.